விடியுமுன் ஓடுகிறேன், ஜெபிக்க நேரமில்லை

கேள்வி

பாஸ்டர் ஐயா அவர்களுக்கு, எனக்கு 39 வயது. பினாங்கின் பிறையில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், தூசு நுழைய விடாத கிளீன் ரூமுக்குள் 14 வருடமாக வேலை செய்கிறேன். காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை ஷிஃப்ட். 4:15க்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு 5:40க்குத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுவேன். திரும்பி வர எட்டே கால். வந்ததும் மாமியாருக்குக் காலில் உள்ள சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், மகனுடைய வீட்டுப்பாடம் பார்க்க வேண்டும். படுக்கும்போது பதினொன்று. கணவர் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூரில்தான். மாமியார் இந்து. நல்லவர்தான், ஆனால் நான் பாட்டுப் பாடி ஜெபித்தால் அவர் முகம் மாறிவிடும்.

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில், ‘இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து ஆண்டவரோடு உட்காருங்கள், எல்லாம் சரியாகும்’ என்றார்கள். ஒரு வாரம் செய்து பார்த்தேன். வேதாகமத்தின் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு வேலை வந்துவிடுகிறது. களைப்பில் மகனிடம் கத்துகிறேன். கத்திவிட்டு எந்த முகத்தோடு ஜெபிப்பது என்று அப்படியே படுத்துவிடுகிறேன். ஆண்டவர் சபையில் இருக்கிறார், என் வீட்டிலும் வேலையிடத்திலும் இல்லை என்றே தோன்றுகிறது. என் அன்றாட வாழ்க்கைக்குள் அவரை எப்படி அழைப்பது?

பிறையிலிருந்து ஒரு சகோதரி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் ஒரு கணக்குப் போட்டேன். இரவு பதினொன்றிலிருந்து காலை நாலேகால் வரை ஐந்தேகால் மணி நேரம். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிற உடம்புக்கு அந்தத் தூக்கமே போதாது. அதனால் ஒரு போதகனாக, பொறுப்போடு சொல்கிறேன்: இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழாதீர்கள். முடிந்தால் பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்குங்கள்.

அந்த ஆலோசனையைச் சொன்ன சகோதரிகள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். மாற்கு சுவிசேஷம் முதல் அதிகாரத்தில், இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று இருக்கிறது. போதகர்கள் நாங்களும் அதைத்தான் திரும்பத் திரும்பப் பிரசங்கிக்கிறோம். அதே மாற்கு நாலாம் அதிகாரத்தில், புயலில் ஆடுகிற படகின் பின்பக்கத்தில் அதே இயேசு தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார் என்றும் இருக்கிறது. பகலெல்லாம் ஜனங்களுக்குப் போதித்துவிட்டு ஏறின படகு அது. எலியாவையும் நினைத்துப் பாருங்கள். ‘போதும் கர்த்தாவே’ என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட அவனுக்குத் தேவதூதன் முதலில் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டான், மறுபடியும் தூங்கினான். எழுப்பி மறுபடியும் சாப்பிட வைத்தார். ‘இங்கே உனக்கு என்ன வேலை’ என்று ஆண்டவர் கேட்டது அதற்கும் நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில். வேதாகமத்தின் மேல் தலை வைத்துத் தூங்கினதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். அது குற்றமில்லை, சகோதரி.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஊழியத்துக்கு வந்த புதிதில் சபையாருக்கு ஓர் அட்டை அச்சடித்துக் கொடுத்தேன். மாதத்தில் 30 நாளுக்கும் கட்டம். காலையில் ஜெபித்த நாளுக்கு ஒரு கோடு போட வேண்டும், மாதக் கடைசியில் என்னிடம் தர வேண்டும். மூன்றாவது மாதம் ஓர் அம்மா ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். வீடு தேடிப் போனேன். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த அட்டை இருந்தது. நாலே நாலு கட்டத்தில்தான் கோடு. “இதை எடுத்துக்கிட்டு வர வெட்கமா இருந்துச்சு ஐயா” என்றார். அட்டையை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டேன். ஆனால் ஆண்டவருடைய வீட்டுக்கு வர ஒருவரை வெட்கப்பட வைத்தது நான்தான் என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. உங்கள் கடிதத்தில் அதே வெட்கம் தெரிந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். எப்படி அழைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உயிர்த்தெழுந்த இயேசுவைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டவர்கள் இரண்டு பேர் லூக்கா 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறார்கள். எருசலேமிலிருந்து எம்மாவு கிராமத்துக்கு நடந்துபோன கிலெயோப்பாவும் கூடப் போன இன்னொருவரும். வழி ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நீங்கள் தினமும் கடக்கிற பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் குறைவு. வழியில் வந்து சேர்ந்தவர் கூடவே நடந்தார், பேசினார். அவர்களுக்கு ஆளைத் தெரியவில்லை. ஊர் வந்ததும் அவர் அப்பால் போகிறவர்போலக் காட்டினார். அவர்கள் விடவில்லை. ‘எங்களோடு தங்கும், சாயங்காலமாயிற்று, பொழுதும் போயிற்று’ என்று வருந்திக் கேட்டார்கள். நம் வீட்டு வாசலில் நின்று, “இருட்டிடுச்சு, இந்நேரத்துல எங்க போவீங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க” என்று கையைப் பிடித்து இழுக்கிறோமே, அதே பேச்சு.

அந்த வீட்டில் அவருக்காகக் கூட்டிப் பெருக்கினதாக எழுதியில்லை. விசேஷமாக எதையும் சமைத்ததாகவும் இல்லை. அன்று இரவு எப்படியும் அவர்கள் சாப்பிட்டிருப்பார்கள், அந்தச் சாப்பாட்டுக்குத்தான் கூப்பிட்டார்கள். அவர் அப்பத்தை எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டுக் கொடுத்தபோது கண் திறந்தது. வழியில் அவர் வேதத்தை விளக்கினபோது நெஞ்சு கொழுந்துவிட்டு எரிந்தது உண்மைதான். ஆனாலும் இன்னார் என்று தெரிந்தது சாப்பாட்டு மேசையில்.

நீங்கள் அழைப்பு என்றதும், நாளில் புதிதாக ஓர் அறை கட்டி அதில் அவரை உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் நாளில் அதற்கு நிலம் இல்லை. ஏற்கெனவே நிற்கிற வீட்டுக்குள் கூப்பிடுங்கள். நாலேகாலுக்குப் பற்றவைக்கிற அடுப்புக்கு, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கு, மாமியாருடைய காலடிக்கு.

ஆண்டவர் வேலையிடத்தில் இல்லை என்று தோன்றுகிறது என்கிறீர்கள். ஆதிச் சபையார் சொன்ன ஒரு சிறு ஜெபம் உண்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் முடிவில் அதைப் பார்க்கலாம்: மாரநாதா. அரமேயச் சொல். ஒரு விதமாகப் பிரித்தால் ‘எங்கள் ஆண்டவர் வந்தார்’ என்று பொருள், இன்னொரு விதமாகப் பிரித்தால் ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்று பொருள். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். வந்துவிட்டவரையே வாரும் என்கிறோம். எம்மாவு வழியிலும் அதுதான் நடந்தது. அவர்கள் கூப்பிடுவதற்கு முன்பே அவர் வழியில் அவர்களோடு கூட நடந்திருந்தார். அதனால் நீங்கள் கூப்பிடும்போது தூரத்தில் இருக்கிற ஒருவரை வரவழைப்பதாக நினைக்காதீர்கள். பாலத்தின் மேல் ஏற்கெனவே உங்களோடு வந்துகொண்டிருக்கிறவரை வீட்டுக்குள் வாரும் என்கிறீர்கள், அவ்வளவுதான்.

நடைமுறையில் இது எப்படி என்பதற்கு என் பாட்டியைத்தான் சொல்ல வேண்டும். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்துக்குப் போதகர் வருவது மாதத்துக்கு ஒரு முறைதான். வெயில் ஏறுமுன், குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும், அதனால் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, இருட்டிலேயே போய் நிற்க வேண்டும். அப்புறம் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்குவார். பாட்டி ஒரு நிரைக்கு ஓர் ஆள் என்று வைத்திருந்தார். முதல் நிரை தாத்தாவுக்கு, அடுத்தது பெரியப்பாவுக்கு, அதற்கடுத்தது பக்கத்து லயத்தில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவளுக்கு. மரத்துக்கு மரம் பட்டையைச் சீவும்போது அந்த ஆளின் பெயரை ஆண்டவரிடம் சொல்லுவார். வேறு வார்த்தை கிடையாது, பெயர் மட்டும். எனக்கு மஞ்சள் காமாலை கண்ட வருடம் எனக்கு இரண்டு நிரை கிடைத்தது என்று அம்மா சொல்லுவார்.

பாட்டி ஜெபத்தை எப்படியும் செய்தாக வேண்டிய வேலையோடு முடிச்சுப் போட்டுவிட்டார். ஜெபிக்க வேண்டுமே என்று ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அடுத்த மரம் ஞாபகப்படுத்தும்.

உங்களுக்கும் அப்படி ஒரு மரம் இருக்கிறது. கிளீன் ரூமில் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். என் சபையில் அதே வேலை செய்கிற ஒரு சகோதரி எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். உடை மாற்றும் அறையில் மேலிருந்து கீழாகத்தான் போட வேண்டுமாம். முதலில் தலைமுடிக்கு வலை, முகத்துக்கு மாஸ்க், தலையுறை, அப்புறம் முழு உடை, காலுறை, கடைசியில் கையுறை. தலையிலிருந்து உதிர்கிற தூசு சுத்தமான உடையில் விழக் கூடாது என்பதற்காக இந்த வரிசை. முடித்தபோது கண் மட்டும்தான் வெளியே தெரியும். பிறகு ஏர் ஷவர். ஒரு சின்ன அறை, கதவு பின்னால் மூடும், இரண்டு பக்கமும் காற்று அடிக்கும். கையை மேலே தூக்கி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். காற்று நிற்கிறவரை உள்பக்கத்துக் கதவு திறக்காது. சில விநாடிதான்.

சகோதரி, அந்தச் சில விநாடியை ஆண்டவருக்குக் கொடுங்கள். யாரும் உங்களைக் கூப்பிட முடியாது, போன் கையில் இல்லை, அவசரப்பட்டாலும் கதவு திறக்காது. உங்கள் கைகளோ ஏற்கெனவே மேலே இருக்கின்றன. சங்கீதக்காரன் ‘என் கையெடுப்பு அந்திப்பலியாக இருக்கட்டும்’ என்று கேட்டானே, தொழிற்சாலை விதிப்படியே நீங்கள் தினமும் அப்படி நிற்கிறீர்கள். “ஆண்டவரே, என்னோடு உள்ளே வாரும்.” இது போதும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் வெளியே வந்து திரும்பும்போதெல்லாம் மறுபடியும் அங்கே நிற்பீர்கள், அப்போதும் இதே வார்த்தை.

அந்தச் சகோதரி இன்னொன்றும் சொன்னார். சாதாரணக் காகிதத்தில் தூள் உதிரும் என்பதால் அதை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்களாம். அப்படியானால் வேதாகமம் உள்ளே போக முடியாது. மனதில் எழுதி வைத்திருக்கிற வசனம் மட்டும்தான் போகும். அதனால் வாரத்துக்கு ஒரே ஒரு வசனம் மனப்பாடம் செய்யுங்கள். பெரிய வசனம் வேண்டாம். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்கிற அளவில் இருந்தால் போதும். மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்காரும்போது அது உங்களோடு உட்காரட்டும்.

பஸ்ஸைப் பற்றி. காதில் போட்டுக்கொண்டு பிரசங்கம் கேட்டுக்கொண்டே போகிறவர்கள் பலர். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அதைக் கடமையாக்கிக்கொள்ள வேண்டாம். போகும்போது தூக்கம் வந்தால் தூங்குங்கள். விழித்திருந்தால் பாலம் ஏறும்போது போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே பாருங்கள். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அதிலிருந்து பினாங்கில் வருடம் முழுவதும் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கிறது. உங்கள் பஸ் பாலத்தில் ஏறும்போது நல்ல இருட்டு. தண்ணீரில் கப்பல் விளக்குகள், எதிரே தீவின் விளக்குகள். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறவர்களுடைய பெயரைச் சொல்லுங்கள், பாட்டி சொன்ன மாதிரி. பஸ்ஸில் இருக்கிற மற்றவர்களுக்கும் பெயர் இருக்கிறது. நேப்பாளத்திலிருந்து வந்த பிள்ளைகள், இந்தோனேசியப் பெண்கள் உங்கள் பஸ்ஸிலும் வரலாம். பக்கத்து இருக்கைக்காரியின் பெயர் தெரியவில்லை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சமையலைப் பற்றி ஒன்றே ஒன்று. யோவான் 21இல், இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வந்த சீஷர்களுக்கு இயேசு கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் தயாராக வைத்திருந்தார். ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. காலை நேரம் அது. நாம் இங்கே பேசுகிற தமிழில் சொன்னால், “வாங்க, பசியாறலாம்”. மரணத்தை ஜெயித்து வந்தவர் கூட்டாளிகளுக்குப் பசியாற ஆக்கி வைத்தார். நீங்கள் நாலேகாலுக்குச் செய்வதும் அதே வேலை. மகனுடைய டப்பாவை மூடும்போது அவன் பெயர், மாமியாருடைய தட்டை மூடி வைக்கும்போது அவர் பெயர். வேறு ஒன்றும் தேவையில்லை.

அடுத்து உங்கள் மாமியாருடைய கால். இதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். கடிதத்தில் அதைச் சமையல், வீட்டுப்பாடம் என்கிற வரிசையில் ஒரு வேலையாகத்தான் எழுதியிருந்தீர்கள். இரவு எட்டரைக்குத் தரையில் உட்கார்ந்து, பழைய கட்டைப் பிரித்து, சலைன் தண்ணீரால் புண்ணைக் கழுவி, சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டுகிறீர்கள். யோவான் 13இல் இயேசு செய்தது கிட்டத்தட்ட இதுதான். மேலங்கியைக் கழற்றி வைத்தார், இடுப்பில் துண்டைக் கட்டினார், பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார், கால்களைக் கழுவினார். கழுவினதோடு விடவில்லை, கட்டியிருந்த துண்டால் துடைத்தார் என்றும் எழுதியிருக்கிறது. சர்க்கரை நோயாளியின் காலைக் கவனிக்கிறவர்களுக்கு அந்தத் துடைக்கிற வேலை எவ்வளவு முக்கியம் என்று தெரியும். விரலிடுக்கில் ஈரம் நின்றால் அங்கே தோல் வெடித்து இன்னொரு புண் வரும். ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றித் துடைக்க வேண்டும்.

துடைக்கும்போது ஒரு விரலுக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஆண்டவரே, இவருக்கு இரங்கும்.” சத்தம் வேண்டாம், உதடுகூட அசைய வேண்டாம். அவர் முகம் மாறுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனால் கட்டி முடித்த பிறகு, “வலிக்குதா அத்தை?” என்று ஒரு வார்த்தை நிமிர்ந்து பார்த்துக் கேளுங்கள். அந்தக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், வலிக்கவில்லை என்றே சொல்லலாம். இருந்தாலும் கேளுங்கள். பகல் முழுவதும் அந்த வீட்டில் தனியாக இருக்கிற மனுஷி அவர்.

இதில் ஒரு எச்சரிக்கை. காலைக் கட்டுகிற நேரத்தைச் சாக்காக வைத்து அவரிடம் பிரசங்கம் செய்யாதீர்கள். அவர் விளக்கு வைக்கிற நேரத்தில் போட்டிக்குப் பாட்டும் வேண்டாம். எழுந்து போக முடியாமல் காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் மதம் பேசுவது நியாயமில்லை. யூதாசின் காலையும் இயேசு கழுவினார், கழுவும்போது அவனிடம் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை. உங்கள் அன்பைப் பார்த்து அவராக ஏதாவது கேட்டால், அப்போது உள்ளதைச் சொல்லுங்கள்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, வாடை வந்தாலோ, ஓரம் கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காலை வெந்நீரில் ஊற வைக்கவும் வேண்டாம். இதை எழுதுவதும் என் வேலைதான்.

மகனிடம் கத்திவிட்டு எந்த முகத்தோடு ஜெபிப்பது என்று கேட்டிருந்தீர்கள். கத்தின அதே முகத்தோடுதான். ஆண்டவர் தங்க வருகிற வீடு சத்தமில்லாத வீடாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆனால் வரிசை ஒன்று உண்டு. பலிபீடத்தில் காணிக்கையை வைக்கிற நேரத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார். உங்கள் வீட்டில் அந்தச் சகோதரன் உங்கள் மகன். பத்தரை மணிக்கு அவன் தூங்குகிற அறைக்குப் போங்கள். விழித்திருந்தால், “அம்மா இன்னைக்கு ரொம்பக் கத்திட்டேன், மன்னிச்சிருப்பா” என்று சொல்லுங்கள். தூங்கிவிட்டிருந்தால் காலையில் டப்பாவுக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நம்மில் பலருக்குப் பயம். நாற்பது, ஐம்பது வயதில் ஆலோசனைக்கு வருகிற எத்தனையோ பேர், ‘எங்க அப்பா ஒரு தடவையாவது மன்னிச்சிரு என்று சொல்லியிருந்தால்’ என்று என் முன்னால் அழுதிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டதற்காக அம்மாவை மதிக்கவில்லை என்று ஒருவரும் இதுவரை என்னிடம் வந்து சொன்னதில்லை. அதன்பிறகு கட்டிலில் சாய்ந்து, “ஆண்டவரே, இன்றைய நாள் இப்படித்தான் போயிற்று” என்று சொல்லிவிட்டுத் தூங்கினால் அதுவும் ஜெபம்தான்.

இப்படிச் சொல்வதால் வேதாகமமே வேண்டாம், உட்கார்ந்து ஜெபிப்பதே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நெகேமியா ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். வேலையில் இருக்கும்போது ராஜா, ‘நீ கேட்கிறது என்ன’ என்றார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு மூச்சு நேரம்கூட இருந்திருக்காது. சூப்பர்வைசர் உங்களைக் கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்கும்போது நீங்களும் அதைச் செய்யலாம். ஆனால் அந்த ஒரு மூச்சுக்கு முன்னால் கிஸ்லே மாதம் தொடங்கி நிசான் வரை, ஏறக்குறைய நாலு மாதம், அவர் அழுது உபவாசித்து ஜெபித்திருந்தார். கிணற்றில் தண்ணீர் இருந்ததால்தான் சட்டென்று மொள்ள முடிந்தது.

உங்களுக்கு அந்தக் கிணறு உங்கள் ஓய்வு நாள். அது புதன்கிழமையாக இருந்தாலும் சரி. நன்றாகத் தூங்கி எழுந்து, பசியாறி, மகன் பள்ளிக்கூடம் போன பிறகு அரை மணி நேரம் உட்காருங்கள். ஒரு சங்கீதம், சுவிசேஷத்தில் ஒரு பகுதி. அடுத்த வாரத்துக்கான வசனத்தை அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். வேலை நாட்களில் இது முடியவில்லையே என்று நினைத்துப் புழுங்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை வருகிற வாரங்களைப் பற்றி உங்கள் போதகரிடம் நேராகப் பேசுங்கள். உங்கள் ஷிஃப்ட் அட்டவணை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தரச் சொல்லிக் கேளுங்கள். நோயாளிகளுக்குச் செய்கிறோம், ஷிஃப்ட்டில் இருக்கிறவர்களுக்கு ஏன் செய்யக் கூடாது? பெண்கள் ஐக்கியத்திலும் ஒரு உதவி கேளுங்கள். வாரத்தில் ஒரே ஒரு சாயங்காலம் யாராவது வந்து மகனுக்குப் பாடம் பார்க்கட்டும், அல்லது கட்டு மாற்றக் கற்றுக்கொள்ளட்டும். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைத்தால் அதில் தூங்குவீர்களோ ஜெபிப்பீர்களோ, அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கள் என்று பவுல் எழுதினதைச் சபை செய்ய வேண்டும். உங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், உங்கள் சம்மதத்தோடு உங்கள் போதகரிடம் நானே பேசுகிறேன்.

மேலே எழுதின எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஏர் ஷவரில் மட்டும் தொடங்குங்கள். இரண்டு வாரம் போகட்டும், அப்புறம் கால் துடைக்கிற நேரம். சில நாள் மறந்துபோகும், கதவு திறந்து உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வரும். அப்போது அங்கேயே சொல்லிக்கொள்ளலாம். கணக்கு வைக்காதீர்கள், கட்டம் போட்ட அட்டை எதுவும் வேண்டாம்.

நான் காலையில் நடக்கப் போகிற நேரம் உங்கள் பஸ் பாலத்தில் ஏறுகிற நேரம்தான். கடற்கரை ஓரமாக நடப்பேன், பாலத்தின் விளக்குகள் அங்கிருந்து தெரியும். இன்றைக்கு அங்கே நின்று உங்களுக்காகவும், லோரியில் எங்கோ போய்க்கொண்டிருக்கிற உங்கள் கணவருக்காகவும், உங்கள் அத்தையுடைய காலுக்காகவும் ஜெபித்தேன். மகனுடைய பெயரை நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அவனுக்கும் ஒரு நிரை வைத்திருக்கிறேன்.